பக்கத்து வண்டியில் இருப்பவர்: ‘சென்னா’ ஆவணப்படத்தை முன்வைத்து

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் கல்வெட்டும் கலையும் பேசப்படும் மேடை இது. இங்கே ஃபார்முலா ஒன் கார் பந்தய ஓட்டுநர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பிரேசில் நாட்டின் அயர்ட்டன் சென்னாதான் அந்த ஓட்டுநர். ஆசிஃப் கபாடியா இயக்கி 2010இல் வெளிவந்த ‘சென்னா’தான் அந்தப் படம். திறமைசாலி ஒருவர் பிறர் உயிருக்கு ஆபத்தாகவும் இருந்தால் அவரை நாம் எப்படிப் பார்ப்பது, எப்படிப் போற்றுவது, எந்த இடத்தில் ‘இது தவறு’ என்று சொல்வது என்ற கேள்வியை இந்தப் படம் அளவுக்கு என் முன் வைத்த படைப்பு வேறில்லை. இந்த மண்டபத்தில் பாதிக்கு மேல் இளைஞர்கள் இருக்கிறீர்கள். வெளியே வரிசையாக நிற்கும் பைக்குகளையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். எனவே இந்தக் கேள்வி உங்களுடையதும்தான்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சாகசத்தை எந்த இருக்கையிலிருந்து பார்க்கிறோம் என்பதே அதைப் பற்றிய நம் தீர்ப்பை முடிவு செய்கிறது. சாகசம் செய்பவரின் இருக்கையிலிருந்து பார்த்தால் அது வீரம். பக்கத்து வண்டியில் இருப்பவரின் இருக்கையிலிருந்து பார்த்தால் அது வேறு. இரண்டு இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்த பிறகே நாம் பேசத் தகுதி பெறுகிறோம்.

1. படமும் அதன் முறையும்

ஆசிஃப் கபாடியா இந்திய வம்சாவளியினர். லண்டனில் பிறந்து வளர்ந்தவர். இர்ஃபான் கானைக் கதைநாயகனாக்கி இந்தியாவில் அவர் எடுத்த ‘தி வாரியர்’ படம் 2001இல் வெளிவந்தது. ‘சென்னா’வின் எழுத்தாளர் மனீஷ் பாண்டே, அவரும் இந்திய வம்சாவளியினரே, தொழிலால் மருத்துவர். படம் 2010 அக்டோபரில் ஜப்பானின் சுசூகாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 2011இல் சண்டான்ஸ் விழாவில் உலக ஆவணப்படப் பிரிவில் பார்வையாளர் விருது, 2012இல் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கும் படத்தொகுப்புக்கும் விருதுகள் என்று பெற்றது. இதே முறையில் பாடகி ஏமி வைன்ஹவுஸைப் பற்றி கபாடியா பின்னர் எடுத்த ‘ஏமி’ ஆஸ்கர் விருது வென்றது.

அந்த முறை என்ன? வழக்கமான ஆவணப்படத்தில் நாற்காலியில் ஒருவர் அமர்ந்து பழைய நினைவுகளைச் சொல்வார். இடையிடையே பழைய காட்சிகள் வரும். கபாடியா நாற்காலியையே எடுத்துவிட்டார். படம் முழுக்க அந்தக் காலத்துக் காட்சிகள்தான். சென்னாவின் தாயார், தமக்கை விவியானி, அணித் தலைவர்கள், மருத்துவர் சிட் வாட்கின்ஸ், போட்டியாளர் அலைன் புரோஸ்ட் ஆகியோரின் குரல்கள் மட்டும் காட்சிகளின் மேல் ஒலிக்கின்றன. பேசுபவரின் இன்றைய முகம் தெரிவதில்லை. அதனால் நாம் நினைவுகூரலைக் கேட்பதில்லை. அந்த நாளிலேயே இருக்கிறோம். முடிவு தெரிந்திருந்தும் அடுத்து என்ன நடக்குமோ என்று பதறுகிறோம். கதைப்படத்தின் விறுவிறுப்பைக் கற்பனை ஒரு துளியும் கலக்காமல் கொண்டுவந்திருக்கிறார்கள். படத்தின் பலம் இதுதான். அதே இடத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

2. மழையில் எழுந்த பெயர்

சென்னாவின் திறமையைக் குறைத்துச் சொல்லிவிட்டு அவர் குறையைப் பேசுவது நேர்மையாகாது. அதனால் திறமையை முதலில் பார்ப்போம்.

1960 மார்ச் 21இல் சாவோ பாவ்லோவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதில் கோ-கார்ட் ஓட்டத் தொடங்கினார். மழையில் நடந்த ஒரு பந்தயத்தில் மோசமாகத் தோற்ற பிறகு, மழை வரும்போதெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விடுவாராம். மற்றவர்கள் ஒதுங்கும் நேரமே அவருக்குப் பயிற்சி நேரமாயிற்று.

அந்தப் பயிற்சியை 1984 ஜூன் 3 அன்று மோனாக்கோவில் உலகம் பார்த்தது. டோல்மன் என்ற சிறிய அணியின் வண்டியில் 13ஆவது இடத்திலிருந்து புறப்பட்டார். கொட்டும் மழையில் ஒவ்வொருவராகக் கடந்து, முதலில் போய்க்கொண்டிருந்த புரோஸ்ட்டை நெருங்கும் நேரத்தில், மழை காரணமாக ஓட்டம் நிறுத்தப்பட்டது. சென்னாவுக்கு இரண்டாம் இடம். அடுத்த ஆண்டு போர்ச்சுகலின் எஸ்டோரிலில், அதுவும் மழையில், லோட்டஸ் வண்டியில் முதல் வெற்றி. இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி. மற்ற எல்லோரையும் ஒரு சுற்றாவது முந்தியிருந்தார்.

1988இல் மெக்லாரன் அணியில் புரோஸ்ட்டுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15ஐ இவர்கள் இருவருமே வென்றார்கள். சென்னா 8, புரோஸ்ட் 7. பட்டம் சென்னாவுக்கு. பிறகு 1990, 1991 என்று மேலும் இரண்டு உலக சாம்பியன் பட்டங்கள். மொத்தம் 41 வெற்றிகள், 65 முறை முதலிடத்தில் புறப்படும் உரிமை (போல் பொசிஷன்).

மோனாக்கோவில் 1988இல் தகுதிச் சுற்று ஓட்டியபோது தன் அனுபவத்தைச் சென்னா பின்னர் விவரித்தார். புரோஸ்ட்டைவிட ஏறத்தாழ ஒன்றரை விநாடி வேகமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கட்டத்தில் தான் அறிந்து ஓட்டவில்லை, ஏதோ ஓர் உணர்வு தன்னை ஓட்டுகிறது என்று தோன்றுகிறது. அது புரிந்ததும் அச்சம் வருகிறது. வேகத்தைக் குறைத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார். கலைஞர்களும் பக்தர்களும் சொல்லும் நிலையை ஒரு பந்தய ஓட்டுநர் சொல்வது வியப்பு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் திரும்பி வந்ததுதான். தன் கட்டுப்பாட்டை மீறிப் போகிறோம் என்று தெரிந்தால் நிறுத்தத் தெரிந்தவர் அவர். தன் உயிருக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அறிந்திருந்தார். அந்த எல்லையைப் பிறர் உயிருக்கும் வைத்திருந்தாரா என்பதே கேள்வி.

3. இரண்டு அக்டோபர்கள்

1988 செப்டம்பரில் போர்ச்சுகலில், நேர்ச்சாலையில் புரோஸ்ட் கடக்க வந்தபோது சென்னா தன் வண்டியை அவர் பக்கம் சாய்த்து, அணியினர் நிற்கும் பிட் சுவர்வரை நெருக்கினார். இருவரும் ஒரே அணிக்காரர்கள். மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகம். சுவரோரம் பலகை பிடித்து நின்ற பணியாளர்கள் பின்வாங்கினார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதால் அது பெரிய பாடமாகவும் ஆகவில்லை.

1989 அக்டோபர் 22, சுசூகா. பட்டத்தைத் தக்கவைக்கச் சென்னா வென்றே ஆக வேண்டும். ஆறேழு சுற்றுகளே மிச்சம் இருக்கும்போது குறுகலான வளைவில் உள்பக்கமாகப் புகுந்தார். புரோஸ்ட் இடம் விடாமல் திரும்பினார். இரண்டு வண்டிகளும் பின்னிக்கொண்டு நின்றன. புரோஸ்ட் இறங்கிவிட்டார். சென்னா வண்டியைத் தள்ளச் சொல்லிப் புறப்பட்டு, மூக்குப் பகுதியை மாற்றிக்கொண்டு வந்து முதலிடத்தில் முடித்தார். ஆனால் அந்த வளைவைத் தவிர்த்துப் போனதாகச் சொல்லி அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். பட்டம் புரோஸ்ட்டுக்குப் போனது. அதன்மேல் 1,00,000 டாலர் அபராதம், நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதத் தடை. பந்தயக் கூட்டமைப்பின் தலைவர் ழான்-மரி பாலெஸ்டரும் பிரெஞ்சுக்காரர், புரோஸ்ட்டும் பிரெஞ்சுக்காரர். சென்னாவின் மனத்தில் அநீதி என்ற முள் ஆழமாகப் பாய்ந்தது. அந்த நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நானும் நினைக்கிறேன்.

1990 அக்டோபர் 21, அதே சுசூகா. இப்போது புரோஸ்ட் ஃபெராரியில். இருவருமே ஓட்டத்தை முடிக்காவிட்டால் பட்டம் சென்னாவுக்கு. முதலிடத்தில் புறப்படும் உரிமையைச் சென்னா வென்றிருந்தார். அந்த இடமோ தூசு படிந்த பக்கத்தில். மாற்றித் தரும்படி கேட்டார், மறுத்துவிட்டார்கள். பச்சை விளக்கு எரிந்தது. எதிர்பார்த்தபடியே புரோஸ்ட் முந்தினார். முதல் வளைவில் சென்னா பிரேக்கைத் தொடவில்லை. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நேராகப் புரோஸ்ட்டின் வண்டி மீது மோதினார். இரண்டு வண்டிகளும் சரளைக்குள் போய்ப் புழுதி கிளப்பி நின்றன. பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்துகொண்டிருந்தன. சென்னா உலக சாம்பியன் ஆனார்.

அது விபத்து என்றே அப்போது சொன்னார். ஓராண்டு கழித்து, மூன்றாவது பட்டம் வென்ற கையோடு, அதே சுசூகாவில் செய்தியாளர்கள் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். புரோஸ்ட் முந்தினால் முதல் வளைவில் வழிவிடுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்.

இன்னொரு தேதியையும் நினைவில் வையுங்கள். அந்த மோதலுக்கு 23 நாட்களுக்கு முன், 1990 செப்டம்பர் 28 அன்று, ஸ்பெயினின் ஹெரெஸ் களத்தில் மார்ட்டின் டொனெல்லி என்ற ஓட்டுநரின் வண்டி சுவரில் மோதிச் சிதறியது. இருக்கையோடு கட்டப்பட்டபடியே அவர் களத்தின் நடுவில் வீசப்பட்டுக் கிடந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் அதன் பின் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டவில்லை. அந்த இடத்துக்கு நேரில் போய், மருத்துவர்கள் அவரைக் காப்பாற்றப் போராடுவதை நின்று பார்த்தவர் சென்னா. ஒரு மோதல் மனித உடலை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கண்ணால் பார்த்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. தெரிந்தே மோதினார்.

4. கேமரா இருக்கும் இடம்

இப்போது படத்துக்குத் திரும்புகிறேன். 1990 மோதலைத் திரையில் பார்க்கும்போது அரங்கில் என்ன நடக்கிறது? பெரும்பாலானவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். சிலர் கைதட்டுகிறார்கள். தெரிந்தே செய்த ஒரு மோதலுக்கு நல்லவர்கள் கைதட்டுவது எப்படி?

படம் அதுவரை நம்மை உட்கார வைத்திருக்கும் இடம்தான் காரணம். சென்னாவின் குழந்தைப் பருவத்தைப் பார்த்திருக்கிறோம். தாயின் கவலையைக் கேட்டிருக்கிறோம். பணவீக்கத்திலும் வறுமையிலும் தவித்த பிரேசில் மக்களுக்கு அவர் எத்தனை பெரிய ஆறுதல் என்று உணர்ந்திருக்கிறோம். பாலெஸ்டரின் அதிகாரத் தோரணையைக் கண்டு பல்லைக் கடித்திருக்கிறோம். சென்னாவின் வண்டியில் பொருத்திய கேமரா வழியே வளைவுகளைப் பார்த்திருக்கிறோம். இத்தனைக்கும் பிறகு அந்த முதல் வளைவு வரும்போது நாம் சென்னாவின் இருக்கையில் இருக்கிறோம். மோதியவர்களில் நாமும் ஒருவர். புரோஸ்ட்டின் இருக்கையிலிருந்து ஒரு காட்சிகூட நம் நெஞ்சில் பதிந்திருக்கவில்லை. புரோஸ்ட்டும் இந்தப் படத்தில் தன்னை வில்லனாக்கிவிட்டார்கள், பிற்காலத்தில் இருவருக்கும் இடையே மலர்ந்த நட்பைச் சரியாகக் காட்டவில்லை என்று வருந்தினார்.

நம் மாவட்டத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். அறந்தாங்கி, ஆலங்குடி, மணமேல்குடிப் பக்கம் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் இங்கே எல்லோரும் பார்த்தது. பெரிய மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, போக வர இத்தனை மைல் என்று எல்கை வைத்து ஓட்டுவார்கள். சாலையோரத்தில் நிற்பவருக்கு வரும் வண்டிகள் எல்லாமே தெரியும். எந்தச் சாரதி எந்த வண்டியை ஓரம் கட்டினார் என்பதும் தெரியும். தன் ஊர் வண்டிக்குப் பின்னாலேயே பைக்கில், கைபேசியைப் பிடித்தபடி கத்திக்கொண்டு போகிறவருக்குத் தன் ஊர் மாடு மட்டுமே தெரியும். ‘சென்னா’ படம் நம்மை அந்தப் பைக்கில் ஏற்றிவிடுகிறது.

ஆனால் படத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். கபாடியா மறுபக்கத்தை மறைக்கவில்லை. கடவுள் நம்பிக்கை இருப்பதால் தனக்குச் சாவு வராது என்று சென்னா நினைக்கிறார், அது மற்ற ஓட்டுநர்களுக்கு ஆபத்து என்று புரோஸ்ட் சொல்வது படத்திலேயே வருகிறது. எதிர் இருக்கையிலிருந்து வரும் குரல் அது. ஆபத்தின் கணக்கை ஒருவர் தன் இறைவனோடு முடித்துக்கொள்ளலாம். பக்கத்து வண்டியில் இருப்பவரின் கணக்கை அவர் முடிக்க முடியாது. புரோஸ்ட் சொன்னதன் சாரம் இதுதான்.

இன்னொருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் மூன்று முறை உலக சாம்பியனான ஜாக்கி ஸ்டுவர்ட். 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில், பெட்ரோல் கொட்டிக் கிடந்த வண்டிக்குள் இருபது நிமிடத்துக்கு மேல் சிக்கிக் கிடந்து மீண்டவர் அவர். பாதுகாப்பு வேண்டும் என்று அதன் பின் போராடியதற்காகக் கோழை என்ற பேச்சையும் கேட்டவர். சென்னா மோதிய எண்ணிக்கை மற்ற சாம்பியன்களை எல்லாம் மிஞ்சுகிறதே என்று 1990 நவம்பரில் நேருக்கு நேர் கேட்டார். கண்ணெதிரே இடைவெளி இருந்தும் அதில் நுழையாதவன் பந்தய ஓட்டுநரே அல்ல என்ற பொருளில் சென்னா பதில் சொன்னார். இன்று உலகெங்கும் சுவரொட்டியிலும் பனியனிலும் அந்தப் பதில் வாழ்கிறது. அது சொல்லப்பட்டது மோதி இரண்டு வாரத்துக்குள், உண்மையை மறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என்பதைப் பனியன் சொல்வதில்லை. 1990இல் முதல் வளைவில் அப்படி ஓர் இடைவெளி இருக்கவும் இல்லை.

பெரியவர்களின் தவறு அவர்களோடு முடிவதில்லை. சென்னாவை வியந்து வளர்ந்த தலைமுறையில் மைக்கேல் ஷூமாக்கர் 1994இல் அடிலெய்டில் டேமன் ஹில்லோடு மோதியும் பட்டம் வென்றார். 1997இல் ஹெரெஸில் ஜாக் வில்நவ் மீது வண்டியைத் திருப்பினார். அப்போதுதான் கூட்டமைப்பு விழித்து, அந்த ஆண்டின் தரவரிசையிலிருந்தே அவரை நீக்கியது. 1990இலேயே அந்தத் தண்டனை வந்திருந்தால் அடுத்து வந்தவர்களுக்கு எல்லை எது என்று தெரிந்திருக்கும்.

5. எதிர் இருக்கையை நோக்கி ஓடியவர்

இதோடு நிறுத்தினால் சென்னாவுக்கு நான் அநீதி செய்தவனாவேன். அவர் மாறிக்கொண்டே வந்தவர்.

1992 ஆகஸ்டில் ஸ்பாவில் பயிற்சி நேரம். எரிக் கோமா என்ற பிரெஞ்சு ஓட்டுநரின் வண்டி மோதி, களத்தின் நடுவே நிற்கிறது. கோமா மயங்கிவிட்டார்; கால் ஆக்சிலரேட்டரில் அழுந்தியபடியே இருக்கிறது. பின்னால் வந்த சென்னா தன் வண்டியை நிறுத்தி, மற்ற வண்டிகள் வந்துகொண்டிருக்கும்போதே களத்தில் இறங்கி ஓடினார். கோமாவின் இன்ஜினை அணைத்தார். மருத்துவர் வரும்வரை அவர் தலை அசையாமல் பிடித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வண்டியில் இருப்பவர் ஒரு மனிதர் என்பதை மறந்தவர், இப்போது அந்த மனிதருக்காகத் தன் உயிரை வைத்து ஓடினார். சென்னாவின் ஆகப் பெரிய வீரச் செயல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அதில் பட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை.

1994 ஏப்ரல் இறுதியில் இத்தாலியின் இமோலாவில் மூன்று நாட்களும் பேரிடியாக வந்தன. வெள்ளிக்கிழமை இளம் பிரேசில்காரர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ பெரும் விபத்தில் தப்பினார். சனிக்கிழமை ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்தார். சென்னா அந்த இடத்துக்கும் போனார். இதை விட்டுவிடு, மீன் பிடிக்கப் போகலாம் என்று நண்பரான மருத்துவர் வாட்கின்ஸ் அழைத்தார். விட முடியாது என்றார் சென்னா. ஞாயிறு காலையில் ஓட்டுநர்களின் பாதுகாப்புக்காகப் பழைய ஓட்டுநர் சங்கத்தை மீண்டும் எழுப்புவது பற்றிச் சக ஓட்டுநர்களோடு பேசினார். ஓய்வு பெற்று வர்ணனையாளராக அங்கே வந்திருந்த புரோஸ்ட்டிடமும் அது பற்றிப் பேசினார். அன்று பிற்பகல், மே 1, ஏழாவது சுற்றில், தம்புரெல்லோ வளைவில் அவரது வில்லியம்ஸ் வண்டி நேராகப் போய்ச் சுவரில் மோதியது. வயது 34. உடைந்த வண்டியில் மடித்துவைத்த ஆஸ்திரியக் கொடி இருந்தது. வென்றால் ராட்சன்பெர்கருக்காக ஏந்த வைத்திருந்தார்.

சாவோ பாவ்லோவில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் புரோஸ்ட் ஒருவர். சென்னாவின் பெயரில் ஏழைக் குழந்தைகளின் கல்விக்காகத் தமக்கை விவியானி தொடங்கிய நிறுவனத்தோடும் புரோஸ்ட் இணைந்து நின்றார். மோதப்பட்டவர் மன்னித்தார். மன்னிக்கும் உரிமை அவருக்கு உண்டு. பார்வையாளராகிய நமக்கு அந்த உரிமை இல்லை. நாம் செய்ய வேண்டியது நடந்ததை நடந்தபடி நினைவில் வைப்பது.

சென்னாவின் சாவுக்குப் பிறகு அந்த விளையாட்டு தன்னைத் திருத்திக்கொண்டது. ஓட்டுநர் சங்கம் அதே மாதம் மீண்டும் உயிர்பெற்றது. தம்புரெல்லோ வளைவை வேகம் குறையும்படி மாற்றினார்கள். 1995இல் இன்ஜின் அளவை 3.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராகக் குறைத்தார்கள். தலையைச் சுற்றிப் பாதுகாப்பு மெத்தை, கழுத்தைக் காக்கும் பட்டை, 2018இல் ஓட்டுநர் தலைக்கு மேல் ‘ஹேலோ’ என்ற உலோக வளையம் என ஒவ்வொன்றாக வந்தன. 2020இல் பஹ்ரைனில் தடுப்பைப் பிளந்து தீப்பிடித்த வண்டியிலிருந்து ரொமேன் குரோஜான் எழுந்து வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னாவுக்குப் பின் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஏற்பட்ட விபத்தால் இறந்த அடுத்த ஓட்டுநர் ஜூல்ஸ் பியான்கி. 2014இல் விபத்து, 2015இல் மரணம். இடையே இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் வேகமும் குறையவில்லை, வீரமும் குறையவில்லை. பாதுகாப்பு வந்தால் வீரம் போய்விடும் என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

6. நம் களமும் நம் சாலையும்

பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் 1950களில் பந்தயம் தொடங்கிவிட்டது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான களம் வந்தது. கோவையில் கரிவரதன், மாருதி இன்ஜினைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தய கார் செய்து இளைஞர்களுக்கு வழி திறந்தார். அதே கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடந்தது.

களத்திலும் சாவு உண்டு. 2023ஆம் ஆண்டில் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் 59 வயது மூத்த கார் ஓட்டுநர் ஒருவரும், ஆகஸ்டில் 13 வயது பைக் பந்தயச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். பயிற்சியும் கவசமும் ஆம்புலன்சும் மருத்துவரும் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், இவை எதுவுமே இல்லாத சாலையில் பந்தயம் என்றால் என்ன பொருள்?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,000 பேருக்கு மேல். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திருச்சி, தஞ்சாவூர் சாலைகளிலும் நடப்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முள்ளூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நின்று பார்த்தால் போதும்.

2023 செப்டம்பரில், யூடியூபில் லட்சக்கணக்கான இளைஞர்கள் பின்தொடர்ந்த ஒரு பைக் ஓட்டி, காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்தார். கைது, பத்து ஆண்டுகளுக்கு ஓட்டுநர் உரிமம் ரத்து என்று செய்தி வந்தது. அவரைப் பார்த்துக் கைதட்டியவர்களை நான் திட்டப் போவதில்லை. அவர்கள் பார்த்தது ஹெல்மெட்டில் பொருத்திய கேமராவின் வழியே. சென்னாவின் வண்டியில் இருந்த கேமராவைப் போலவே அதுவும் ஓட்டுபவரின் கண்ணையே நமக்குக் கொடுக்கிறது. எதிரே சைக்கிளில் வரும் பெரியவரும், பேருந்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளையும், கடை மூடிவிட்டு டிவிஎஸ் வண்டியில் மனைவியோடு வீடு திரும்புபவரும் அந்தக் கேமராவில் ஒரு நொடி வந்து மறையும் உருவங்கள். பந்தயக் களத்திலாவது பக்கத்து வண்டிக்காரர் ஆபத்தை அறிந்து, சம்மதித்து வந்தவர். சாலையில் இருப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நல்ல முன்மாதிரியும் நம்மிடையே இருக்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவருக்குக் காயமில்லை. ஆனாலும் தன் நலனையும் அணியின் நலனையும் எண்ணி, அந்த கார் அணியில் ஓட்டும் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். அவர் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. கொடியோடு அவர் துள்ளியதை எல்லோரும் பகிர்ந்தார்கள். விலகிக்கொண்ட முடிவையும் அதே அளவுக்குப் பகிர்ந்திருக்க வேண்டும்.

7. வேண்டுகோள்கள்

எல்கைப் பந்தயம் நடத்தும் விழாக் குழுவினருக்கு முதல் வேண்டுகோள். பந்தய வண்டிகளுக்குப் பின்னால் பைக்கில் யாரும் போகக் கூடாது என்பதை நீங்களே கண்டிப்பாக்குங்கள். மாட்டுக்கும் சாரதிக்கும் ரோட்டோரம் நிற்பவருக்கும் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அடுத்தது பெற்றோருக்கு. 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, அவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டத்துக்கு அஞ்சியாவது சாவியை எடுத்து வையுங்கள்.

மாணவர்களே, வேகத்தை நேசிப்பது குற்றமல்ல. உங்களில் ஒருவரிடம் சென்னாவின் கை இருக்கலாம். அப்படி இருந்தால் இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவைக் களத்துக்கோ போய், கவசம் அணிந்து, கற்றவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். அரசும் கல்லூரிகளும் அதற்கு உதவ வேண்டும்; ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத விளையாட்டாக இது இன்னும் இருப்பது நம் குறை.

கடைசியாக இந்த அறக்கட்டளைக்கு. அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கு முன் இந்தப் படத்தைத் திரையிடுங்கள். 1990 சுசூகாவின் முதல் வளைவு வரும்போது நிறுத்திவிட்டு, மாணவர்களைப் பேச விடுங்கள். ஒருவர் சென்னாவாகப் பேசட்டும், ஒருவர் புரோஸ்ட்டாக, ஒருவர் பின்னால் வரும் வண்டிகளில் ஒன்றின் ஓட்டுநராக, ஒருவர் வளைவோரம் கொடி பிடித்து நிற்கும் பணியாளராக. நான்கு பேரையும் கேட்ட பிறகும் சென்னாவின் திறமையைக் கண்டு வியக்க முடியும். முதல் வளைவில் அவர் செய்தது தவறு என்று உரக்கச் சொல்லவும் முடியும். அப்படிப் பேசப் பழகிய மாணவர் இங்கிருந்து பைக்கில் வீடு திரும்பும்போது எதிரே வருபவரை மனிதராகப் பார்ப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.